ஆயிரத்து ஏழு

மல்லாவிக்குப் போய்ச் சேர எட்டரை.
மோட்டார் சைக்கிளின் செயின் கவர் எல்லாம் செம்புழுதி.
கமக்காரர் சம்மேளனத்து அலுவலகத்தில்
கரண்ட் இருந்தது. அதுவே பாதி வேலை.

டிலக்சனா, புதிய லிகிதர்.
அடையாள அட்டையில் உள்ளபடி
முதலெழுத்தைப் பெரிதாக வைத்து அடிக்கச் சொன்னாள்.
மெஷின் மறுத்தது.
பெரிய எழுத்து இதற்கு ஆகாது.
"பிறப்புப் பதிவில ஒரு மாதிரி, அட்டையில ஒரு மாதிரி,
இப்ப இதுக்கு மூண்டாவது பேரோ?"
சின்ன எழுத்தில் ஐந்து போட்டோம்: டிலக்ஸ்.

யூசர்-ஆட் ஓடி முடிந்தது.
ஒரு சொல் சொல்லவில்லை.
யுனிக்ஸில் மௌனம் என்றால் சரி என்று அர்த்தம்.
எங்கள் பக்கத்தில் மௌனத்துக்கு வேறு அர்த்தங்களும் உண்டு.

பாஸ்வேர்ட் அடித்தாள். திரையில் ஒன்றும் விழவில்லை,
ஒரு புள்ளிகூட.
விசைப்பலகையைத் தூக்கித் தலைகீழாகத் தட்டினாள்.
பழைய அரிசி இரண்டு விழுந்தது.
"விழுது, காட்டாது" என்றேன்.
இரண்டு தரம் பொருந்தவில்லை.
மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள், ஏற்றுக்கொண்டது.

லொகின்.
வரவேற்ற வசனம் இது:
உமக்கு வீட்டு அடைவு இல்லை, வேரிலேயே நிறுத்துகிறேன்.

சிறுகோடும் எம்-மும் போட மறந்தது நான்.
அவள் சிரித்தாள்.
"வீட்டுத்திட்டக் கந்தோரிலயும் உதைத்தான் சொன்னவை.
அவை நிப்பாட்டினது வரிசையில.
ஆறு வருசம்."

கையாலே ஓர் அடைவு கட்டினேன்.
ஸ்கெல்லில் இருந்து மறைகோப்பு மூன்றைக் கொண்டுவந்து வைத்தேன்.
அவள் உள்ளே ஒரு வரி எழுதப்போனாள்,
அனுமதி மறுக்கப்பட்டது.
கட்டினது ரூட், ஆகவே காணியும் ரூட்டுக்கு.
சௌன் போட்டு உறுதி மாற்றினேன்.

மாற்றிவிட்டு ஹோமைப் பட்டியல் போட்டால்
டிலக்ஸின் பெயரில் இரண்டு வீடு.

மற்றது தயாபரனுடையது.
போன மாசி மாதம் அவன் கட்டாருக்குப் போனதும்
யாரோ ஆளை அழித்திருக்கிறார்கள், வீட்டை விட்டுவிட்டார்கள்.
மெஷினுக்கு அவன் எப்போதுமே தயாபரன் இல்லை,
ஆயிரத்து ஏழு.
எண் காலியாகக் கிடந்தது, இவளுக்குக் கொடுத்துவிட்டது.
எண்ணோடு கோப்புகளும் வந்துவிட்டன:
நீர்முறை, நீர்முறை_புதுசு, நீர்முறை_புதுசு_இதுதான்,
கிணறு.

"அழிக்கவோ?" என்று கேட்டேன்.
"ஆற்றையோ சாமான். கேட்டிட்டு அழிப்பம்."

தோகாவில் இரவு சிப்ட் முடிந்து படுத்தவன்.
"என்ர பேரை அழிச்சிட்டியளே? நல்லது.
கிணறு எண்டு ஒரு பைல் கிடக்கோ?
கொத்தனாருக்கு எட்டாயிரம் குடுக்கோணும்,
ஆளின்ர நம்பர் அதுக்குள்ளதான்.
அதை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கோ."
பின்னால் ஏசி இரைந்தது. வைத்துவிட்டான்.

இவளை ஆயிரத்து எட்டுக்கு நகர்த்தினேன்.
அவள் அடைவு அவளோடு நகர்ந்தது.
பழையதில் பெயர் உதிர்ந்து
உரிமையாளர் என்ற இடத்தில்
வெறும் எண் நின்றது, நாலு இலக்கம்.
வாசிக்க மட்டும் அவளுக்கு வழி விட்டேன்.

பில் எழுதிக்கொண்டிருக்கையில்
கடைவாய்க்கால் ஆட்கள் இரண்டு பேர்
சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு வந்தார்கள்.
"பிள்ளை, சிறுபோகத்துக்கு எங்கட முறை எப்ப?"
"வியாழன், பின்னேரம் நாலு.
துருசு ஆறு மணிக்குப் பூட்டுவினம்."
தயாபரன் எழுதியிருந்தபடி வாசித்தாள்.
"ரெண்டு மணித்தியாலம் காணாது, அவனிட்டையும் சொன்னனாங்கள்."

ஆறை ஏழாக்கப் பார்த்தாள்.
அனுமதி மறுக்கப்பட்டது.
"நகல் எடும், பிறகு திருத்தும்."
எடுத்தாள்.
அது அவள் பெயரில் விழுந்தது.
ஏழு என்று அடித்து, சேமித்து,
இன்னொரு தரம் திறந்து பார்த்தாள். ஏழுதான்.

பதினொன்றே கால்.
கரண்ட் போனது.